ஓசிப் பூட்டும் ஆறு பெட்டியும்

கவுன்டரில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும்: விற்க வேண்டிய சரக்கு பக்கத்திலேயே ஓசியில் கிடைக்கும்போது, வாயை அடக்கிக்கொண்டு விற்பதைப்போல அவஸ்தை வேறு இல்லை.

ப்ளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். முதலாளி தூத்துக்குடிக்காரர்; எல்லாருக்கும் அண்ணாச்சி. எனக்குக் கவுன்டரே பிடிக்காது. உள்ளே சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கழற்றத்தான் ஆசை. ஆடி மாதம் யாரோ தலையில் கட்டிவிட, அண்ணாச்சி ஆறு பெட்டி பூட்டு சாப்ட்வேர் வாங்கிக்கொண்டு வந்தார். ஃபைலை யாருக்கும் புரியாதபடி கலைத்து வைக்கும். பாஸ்வேர்டு போட்டால்தான் பழையபடி ஆகும். தீபாவளிக்குள் ஆறையும் விற்றால் சர்வீஸ் மேஜை எனக்கு. விற்காவிட்டால் வேலை காலி. வேலை போனால் அம்மா என்னை டுடோரியலில் தள்ளிவிடும். மறுபடியும் கணக்கு!

சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் அதே வேலையைச் செய்கிற இலவச சாப்ட்வேர் இருந்தது. அதை நான் பார்த்துத் தொலைத்துவிட்டேன். எனக்குப் பொய் வராது.

எக்ஸ்போர்ட் அயிட்டம்

பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் கெட்டியான பூட்டை வெளிநாட்டுக்கு விற்கச் சட்டம் விடாதாம். அதனால் அவர்களுக்குக் கெட்டிப் பூட்டு. வெளியே அனுப்ப ஒரு நோஞ்சான் பூட்டு. நம்முடைய ஆறு பெட்டியும் நோஞ்சான். பத்திரிகை சிடியில் இருந்ததோ வேறு ஏதோ நாட்டுக்காரன் எழுதியது, பயில்வான். அதாவது காசு கொடுத்தால் சோப்ளாங்கி, ஓசியில் போனால் பயில்வான்.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைத் தேடிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி, எக்ஸ்போர்ட்னுல்லா போட்டிருக்கான்! இத மொதல்லயே சொல்ல வேண்டாமா? வண்ணாரப்பேட்டைல எக்ஸ்போர்ட் சட்டைன்னா அடிச்சிப் புடிச்சி வாங்குதாவ. போ, அந்த வார்த்தைய பெருசா எழுதிக் கண்ணாடில ஒட்டு!"

எந்தத் தொகுதி?

முதலில் வந்தவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியின் யூனியன் செயலாளர். ஸ்ட்ரைக்குக்கு யார் யார் சம்மதம் என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். மேனேஜர் கண்ணில் படக்கூடாது. "சார், இந்தப் பெட்டி வேணாம், இதோ சிடியில சும்மாவே இருக்கு, இதைவிட நல்லது" என்றேன். அண்ணாச்சி பின்னாலிருந்து இருமினார். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு எழுதினது?" "வெளிநாட்டுல யாரோ." "காசு வாங்காமயா?" "ஆமா சார்." "சும்மா குடுக்கறானா? எந்தத் தொகுதில நிக்கறான்?" என்று கேட்டுவிட்டு, பெட்டியோடு போனார்.

மறுநாள் அதே ஃபேக்டரி மேனேஜர் வந்தார். யூனியன் கண்ணில் படக்கூடாத லிஸ்ட் ஒன்று அவரிடமும் இருந்தது. அவரிடமும் அதே உண்மையைச் சொன்னேன். யோசித்தார். "எங்க யூனியன்காரர் வந்தாரா?" வந்தார் என்றேன். ரகசியம் காக்கும் சரக்கை விற்கிறவள் அதைச் சொல்லியிருக்கக்கூடாதுதான், வாய் முந்திக்கொண்டது. "அவர் எதை வாங்கினார்?" பெட்டியைக் காட்டினேன். மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "லேபருக்குப் பெட்டி, மேனேஜ்மென்ட்டுக்கு ஓசியா? எனக்கு ரெண்டு பெட்டி பேக் பண்ணும்மா!"

திருட்டுக்கு லாயக்கு

காசிமேட்டில் போட் இன்ஜின் ஸ்பேர் விற்கிற ஒருத்தர் பெட்டி விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா, ஒருத்தருக்காவது ஓசி சிடி உதவட்டும் என்று நீட்டினேன். தொடக்கூட இல்லை. இந்தப் பெட்டியையே திருட்டுத்தனமாகக் காப்பி போட்டு ஒரு சிடி தரச் சொன்னார்.

"அண்ணே, இது சட்டப்படியே சும்மா. திருட வேண்டிய அவசியமே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நான்தான் விவரம் தெரியாதவள் என்கிற மாதிரி சிரித்தார். "இன்னா பாப்பா நீ, வெவரமே இல்லாம கீற. திருடறதுக்கு லாயக்கா இருந்தாத்தான் அது பொருளு. ஓசில கீறத எவன் திருடுவான்?"

ஆயுத பூஜை

நாலாவது பெட்டி ராயபுரம் சேகர் அண்ணன் வாங்கியது. துறைமுகத்தில் சரக்கு வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ் அவருடையது. எதிர் ஆபீஸ்காரன் எட்டிப் பார்க்கிறான் என்று சரக்கு லிஸ்ட்டைப் பூட்டச் சொன்னார். ஓசி சிடியைப் பற்றி அவரிடமும் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. நேரில் போய் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன், எப்படிப் பூட்டுவது என்று சொல்லியும் கொடுத்தேன். பாஸ்வேர்டை ஸ்கெட்ச் பேனாவால் சிபியூ மேலேயே எழுதினார். "அண்ணே, பூட்டு மேலயே சாவிய தொங்கவிடுவாங்களா?" என்றேன். "மறந்துட்டா நீயா வந்து சொல்லுவ?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸ் கூட்டுகிற கன்னியம்மா அக்கா பக்தியாக எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சிபியூவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கே கப்பல் வந்து நிற்கிறது. லாரி மாதவரத்திலிருந்து கிளம்பிவிட்டது. லிஸ்ட் திறக்கவில்லை. சேகர் அண்ணன் கடைக்கு ஓடிவந்து என் முன்னால் கையை நீட்டினார்: "டூப்ளிகேட் சாவி குடு." அப்படி ஒன்று கிடையாது என்றேன். "நாலணா பூட்டுக்கே ரெண்டு சாவி தரான். இத்தினி காசுக்கு ஒண்ணுதானா?" பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவேன் என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு டுடோரியல் பெஞ்சு கண்ணில் தெரிந்தது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். குங்குமத்துக்கு அடியில் எழுத்து ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று சுரண்டப்போனால் கன்னியம்மா அக்கா கையைத் தட்டிவிட்டார்: "பொட்ட அழிக்காத, வெளங்காது!" சேகர் அண்ணன் பெண்டாட்டி பேர், குலதெய்வம் பேர், ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. நோஞ்சான் பூட்டுக்கே இந்தக் கதி.

அப்போதுதான் ஸ்கிரீன் ஓரத்தில் பார்த்தேன். அதே லிஸ்ட், பூட்டாமல், அப்படியே இருக்கிறது. சாப்ட்வேர் ஒரு காப்பி எடுத்து அதைத்தான் பூட்டும், பழசு அப்படியே கிடக்கும். பூட்டினதும் பழசை அழிக்கச் சொன்னேனே, அதைச் செய்யவே இல்லை. இத்தனை நாளும் எதிர் ஆபீஸ்காரன் வந்திருந்தால் காபி குடித்துக்கொண்டே படித்திருக்கலாம். திறந்து காட்டினேன். ஆபீஸே கைதட்டியது. "அண்ணே, கைதட்டாதீங்க. நீங்க பூட்டவே இல்ல" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது? சேகர் அண்ணன் ஆபீஸையே கூப்பிட்டுச் சொன்னார்: "பாத்தியா, காசு குடுத்து வாங்கற மாலுன்னா இதான்! பூட்டியும் கீது, தொறந்தும் கீது. ஓசில இது வருமா? பாப்பா, கடைல இன்னும் ரெண்டு பெட்டி கீதுல்ல, ரெண்டையும் எட்தா!"

ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் உண்மையைத்தான் சொன்னேன், ஒருத்தர்கூட நம்பாத புண்ணியத்தில் தீபாவளிக்கு முன்பே சர்வீஸ் மேஜைக்கு வந்து சேர்ந்தேன்.