மரியபுஷ்பம் கொடுத்த பத்திரிகை விளம்பரம்

பர்மாவில் இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த ஞானமுத்துவின் கடைசி மகள் மரியபுஷ்பம். கல்யாணமாகித் தின்கன்ஜூனுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. கணவர் ஜேம்ஸ், துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க். அவள் தெருமுனை மழலையர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் பர்மிய வழக்கப்படி ‘ஸயாமா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஐந்து வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே பெண் ரோஸ்லின்.

ரோஸ்லினுக்குப் பத்தொன்பது முடிந்தபோது, கன்னியர் மடத்தின் உதவியில் ஸ்பெயினில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. 2020 ஜனவரியில் விமானம் ஏறினாள். சலமன்கா என்ற ஊரில் மடத்து விடுதி. போய் இரண்டு மாதத்தில் கொரோனா வந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். அது தணிவதற்குள் இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. இப்போதைக்கு வராதே என்று ஜேம்ஸ் சொல்லிவிட்டார்.

2021 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அவள் குரலே வேறாக இருந்தது. முதல் தடவையாக விடுதிப் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போகிறார்களாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். ஒரே பஸ்ஸில் முப்பத்தெட்டு பேர். ஆவிலாவுக்குப் போகிறோம் என்றாள். அந்தப் பேரைக் கேட்டதும் மரியபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புனித தெரேசம்மாள் பிறந்த ஊர் அல்லவா. அப்பாவின் சர்க்கரை வியாதிக்காகக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். நிறைய போட்டோ எடுத்து அனுப்பு என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை முழுக்கப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஊரைச் சுற்றி உயரமான பழைய கல்மதில். இரவல் வாங்கிய சிவப்புக் கோட்டில் ரோஸ்லின், மூக்கு நுனி சிவந்து, வாயில் பாதி ரொட்டியோடு. தெரேசம்மாள் கோயில் வாசலில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஜேம்ஸ் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிள்ளை இளைத்துப் போயிருக்கிறாள் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு படத்தை மட்டும் ரோஸ்லின் வீட்டுக்கு அனுப்பவில்லை. போகும் வழியில் பஸ்ஸில் கூட வந்த பிள்ளைகள் அவள் நாட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லச் சொல்ல அவள் அழுதிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்புமுன் மதிலடியில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்தபோது, அவளுக்காக மற்ற முப்பத்தேழு பேரும் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். இங்கே ராணுவ ஆட்சியை எதிர்க்கிறவர்களின் அடையாளம் அது. அந்தப் பிள்ளைகள் கூட்டாளி மேல் வைத்த பாசத்தில் செய்தார்கள். நடுவில் நின்ற ரோஸ்லினும் கையைத் தூக்கினாள். பிலிப்பைன்ஸ் பெண் அதை ரோஸ்லின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அதே மாடியில் எதிர்வீட்டு மைமூன் கதவைத் தட்டினாள். ராணுவத்தாரின் ஆட்கள் நடத்தும் ஒரு டெலிகிராம் சேனலில் அந்தப் படம் வந்திருந்தது. ரோஸ்லின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே பர்மியத்தில் தகப்பன் பெயர், அவர் வேலை பார்க்கும் கம்பெனி, தெரு, மாடி எண் எல்லாம் சரியாக எழுதியிருந்தது.

“உன் போன்ல இருக்கறத எல்லாம் அழிச்சுடு புஷ்பம். ஜேம்ஸண்ணன வேலைக்கு அனுப்பாத” என்றாள் மைமூன்.

ஜேம்ஸ் அதற்குள் பஸ் ஏறிவிட்டார். மத்தியானம் கம்பெனிக்கே வந்து கூட்டிப் போனார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே எழுந்து போனார் என்று கூட வேலை பார்த்தவர் வந்து சொன்னார். டிபன் பாக்ஸையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காராமலே போய்விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். இன்சீன் சிறை வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மூன்று நாள் வரிசையில் நின்றாள். அவள் பிறந்து வளர்ந்த ஊர்தான். அந்த மதிலோரமாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். மூன்று நாளும் பெயர் இல்லை என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்சுலின் இல்லாமல் அந்த மனிதர் என்ன ஆவார் என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

ஜேம்ஸைக் கொண்டுபோன ஏழாம் நாள் வார்டுத் தலைவர் வந்தார். அவர் பேத்தி மரியபுஷ்பத்திடம் படித்தவள். வீட்டுக்குச் சீல் வைக்கப் பேச்சு நடக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு பர்மியத்தில் மெதுவாகச் சொன்னார்:

“மகளே இல்லைன்னு பேப்பர்ல போட்டுடுங்க, ஸயாமா. எத்தனையோ பெத்தவங்க போட்டிருக்காங்க.”

அந்த விளம்பரங்களை அவள் பார்த்திருக்கிறாள். பேப்பரின் உள்பக்கத்தில் வரிசை வரிசையாக வரும். எப்படித்தான் மனசு வருகிறதோ என்று ஜேம்ஸிடம் சொல்லியிருக்கிறாள்.

மைமூன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, தன் போனைத் தொடப் பயந்து மைமூனின் போனில் ரோஸ்லினைக் கூப்பிட்டாள். அப்பாவைக் கொண்டுபோன செய்தியையே அப்போதுதான் சொன்னாள்.

“போட்டோவ நான் போடலம்மா.”

“தெரியும்டி.”

எழுதி வைத்திருந்த காகிதத்தை மரியபுஷ்பம் படித்துக் காட்டினாள். பெற்றோர் சொல்லை மீறி மனம் நோக நடந்துகொண்ட மகள் ரோஸ்லினை இன்று முதல் விலக்கிவைக்கிறோம், அவள் செய்யும் எந்தக் காரியத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. கீழே தகப்பன் பெயர், தாய் பெயர், அடையாள அட்டை எண்கள்.

“என் பேரு எழுத்துப் பிழை இல்லாம இருக்கா?” என்று கேட்டாள் ரோஸ்லின். எப்போதும் பர்மியத்தில் அதைத் தப்பாகத்தான் எழுதுவார்கள்.

“சரியா இருக்கு.”

“போடுங்கம்மா. அப்பாவ வெளிய கொண்டாங்க.”

ஒன்பதாம் நாள் விளம்பரம் வந்தது. பதினோராம் நாள் ஜேம்ஸ் வந்தார். விளம்பரத்தால் விட்டார்களா, எப்படியும் விடுவதாக இருந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. இடது காது கேட்கவில்லை. வலது காலில் ஒரு புண் பழுத்துப் போயிருந்தது. நான்கு நாள் தூங்கினார். ஐந்தாம் நாள் மரியபுஷ்பமே பேப்பரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வேறு யார் வாயாலாவது கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள். அவர் இரண்டு தரம் படித்தார்.

“என் பேரையும் போட்டிருக்க.”

“ரெண்டு பேர் பேரும் இருக்கணும்னாங்க. அவகிட்ட கேட்டுட்டுதாங்க போட்டேன். போடுங்கன்னு அவளே சொன்னா.”

“அவ வேற என்ன சொல்லுவா?” என்றார் ஜேம்ஸ். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அங்க தெனமும் ஒரு பேப்பர நீட்டினாங்க. இதையேதான் எழுதச் சொன்னாங்க. நான் எழுதல” என்றார்.

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மனைவி போட்டதைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குச் சேர்ந்துதான் போனார்கள். ஆனால் அவளைப் ‘புஷ்பம்’ என்று கூப்பிடுவது நின்றுபோனது.

கம்பெனியில் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. மழலையர் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையாக வராமல் நின்றது. தாய்மார்களுக்குப் பயம். கடைசியில் நிர்வாகி அம்மாள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் ஸயாமா என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். விளம்பரம் போட்ட பிறகு பெயர் எதற்கு என்று வீட்டுப் பதிவுப் பட்டியலிலிருந்து ரோஸ்லினை நீக்கச் சொன்னார்கள். அதற்கும் மரியபுஷ்பமே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் ஜேம்ஸ் எதிர்வீட்டுக்குப் போவார். மைமூனின் போனை வலது காதில் வைத்துக்கொண்டு மகளோடு பேசுவார். முன்பெல்லாம் ‘ரோசி’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது வார்த்தைக்கு வார்த்தை ‘மகளே, மகளே’ என்பார். காது மந்தமானதால் சத்தமாகப் பேசுவார். தன் வீட்டுக் கதவருகே நிற்கும் மரியபுஷ்பத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அவர் முடித்துவிட்டு வெளியே வந்த பிறகு அவள் உள்ளே போவாள். இருவரும் ஒரே சமயத்தில் மகளோடு பேசியதே இல்லை.

2024 ஆகஸ்டில், மழையில் மருந்துக் கடைக்குப் போன ஜேம்ஸ் வழியிலேயே விழுந்தார். சர்க்கரைக்கு மருந்து கிடைப்பதே அப்போது குதிரைக் கொம்பு. ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போய்விட்டது. துக்கச் சீட்டு அச்சடிக்கும்போது, பிள்ளைகள் என்ற இடத்தில் என்ன போட என்று ஜேம்ஸின் தம்பி கேட்டார். மரியபுஷ்பம் சீட்டை அவர் பக்கமே நகர்த்தினாள். அவர் அந்த வரியையே அடித்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் மைமூன் கடைசி வரிசையில் நின்று, முக்காட்டுக்குள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாமியாரின் ஜெபம் கேட்கவில்லை, மழைச் சத்தமும் மண் விழும் சத்தமும்தான் கேட்டது என்று ரோஸ்லின் பின்னால் சொன்னாள்.

இப்போது ரோஸ்லின் சலமன்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகதி என்று அந்த நாட்டு அரசு கார்டு கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டது என்றாள். அதை வாங்கிக்கொண்டால் இங்கே திரும்பி வர முடியாதாம்.

“வாங்கிக்கட்டுமாம்மா?”

“வாங்கிக்க.”

“நீங்க தனியா...”

“மைமூனக்கா இருக்காங்கல்ல. வாங்கிக்க.”

ரோஸ்லின் அழ ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து விளக்கு எரிந்தது. கரண்ட் எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. வந்ததும் மோட்டார் போட்டால்தான் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறும். படியில் எல்லா வீட்டாரும் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

“கரண்ட் வந்துடுச்சுடி. அடுத்த வாரம் பேசறேன்” என்று சொல்லிப் போனை மைமூனிடம் கொடுத்துவிட்டு, அவளும் படியிறங்கினாள்.