ரொசினா வெள்ளையடித்த சுவர்

பக்கத்து வீட்டு ரொசினாவை அதுவரை யாரும் எங்கேயும் அழைத்ததில்லை. கூட்டுப்பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்வாள். நான்கு பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் வசந்தம் வந்தால் அடுப்படிச் சுவரில் பூவும் பறவையும் வரைவாள். ஆனால் அவள் வரைந்த சேவலைப் பார்த்தால் இப்போதே கூவிவிடும் போலிருக்கும்.

அறுபத்தாறாம் வருஷக் குளிர்காலத்தில், ஓவிய விமர்சகர் டாக்டர் ஹட்டாலா பிராத்திஸ்லாவா நகரத்திலிருந்து வந்து அந்தச் சேவலின் முன்னால் நின்றார். ஓவியப் பள்ளிக்கே போகாதவர்களுக்கென்று அங்கே ஒரு கண்காட்சி நடக்கப்போகிறதாம்.

“ஈஸ்டருக்கு முன்னாடி போட்டோகாரரோட வரேன். படம் கண்காட்சிக் குழுவுக்குப் பிடிச்சிருந்தா, நீங்க அங்க வந்தே வரையலாம்” என்றார்.

ஊர் திரும்பியதும் பத்திரிகையில் எழுதினார்: ‘வழிவழியாக வந்ததை யோசிக்காமல் வரையும் கை; குழந்தையின் கை.’

ரொசினாவுக்குப் போக வேண்டும் என்று ஒரே ஆசை. பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால் இங்கே எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். டாக்டர் வருவதற்கு முந்தின நாள் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள்.

டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். “எங்கேம்மா சேவல்?”

“அது போன வருஷத்து அழுக்கு, டாக்டரய்யா. நீங்க வரீங்கன்னு சுத்தம் பண்ணிட்டேன்.”

போட்டோகாரர் சிரித்துவிட்டார். டாக்டர் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்தார். “நாளைக்குக் குழு கூடுதே” என்றார்.

ரொசினாவின் முகம் வாடியது. சற்று யோசித்தாள். “உங்க பஸ் சாயங்காலம்தானே? ஜோஃப்கா, நீலம் கரைடி” என்று என்னிடம் சொன்னாள். துணிக்குப் போடும் நீலத்தை ஆடை எடுத்த பாலில் கரைத்துக் கொடுத்தேன்.

“அதே சேவல் வருமா?” என்று டாக்டர் கேட்டார்.

“அதையேவா? ஊரே சிரிக்கும்.”

விஷயம் பரவிப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு ஹெட்விகா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். “என்னடி இது, சேவலா, தவிட்டு மூட்டையா?”

“உங்க வீட்டுக்காரரைப் பார்த்து வரைஞ்சேன் அக்கா.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அந்தச் செடி சாயுது பாரு, அடியில கனம் வை.”

ரொசினா முணுமுணுத்துக்கொண்டே வேரைத் தடிமனாக்கினாள். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “அவங்களை விடுங்கம்மா, யாரும் சொல்லித் தரக் கூடாது.”

“நாங்க சொல்லாம அவ எப்படிக் கத்துக்கிட்டாளாம்? அவளுக்கு நான் சொல்வேன், எனக்கு அவ சொல்வா. ஈஸ்டர் வந்தா வீடு வீடாப் போய் இதானே எங்க வேலை!” என்றாள் ஹெட்விகா.

இடது மூலையில் ரொசினா பூக்களை ஆரம்பிக்கப் போனபோது டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்த இடத்தைச் சும்மா விடலாமா? சேவல் பார்க்கிற பக்கம் அது.”

ரொசினா முக்காலியை விட்டு இறங்கி, வாசல்வரை பின்னால் போய்ப் பார்த்தாள். “விடலாம்” என்றாள்.

“பரவாயில்ல, பத்திரிகைக்காரருக்கும் கண்ணு இருக்கு” என்றாள் ஹெட்விகா.

ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: “குழந்தையின் கைன்னு எழுதிட்டேன். மாத்தி எழுதறேன்.”

“எழுதுங்க. நாலு பெத்தவ நான்.”

குழுவுக்குப் பிடித்துவிட்டது. கோடையில் நீலம் கரைக்க நானும் அவளோடு போனேன். கண்காட்சிக் கூடத்தில் எங்கள் கூரையைவிட உயரமான வெள்ளைச் சுவர் ஒன்றை அவளுக்கென்று விட்டிருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்து, “நல்லாத்தான் அடிச்சிருக்காங்க” என்றாள். பின்னால் தொப்பி போட்ட நகரத்துப் பெண்கள் மூச்சு விடாமல் நின்றிருந்தார்கள். பாதிச் சேவல் வரைந்ததும் ரொசினா திரும்பினாள்.

“ஏம்மா, இப்படி ஊமையா நின்னா எப்படி? கோணலா இருந்தா இப்பவே சொல்லுங்க. காய்ஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?”