பச்சை விளக்கும் காற்று மெத்தையும்

பொற்கொடி அரிமளம் பக்கத்துக்காரி. குவாரியில் ஜல்லி உடைத்துப் பிழைத்தவள். புருஷன் போன பிறகு புதுக்கோட்டையில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள், ஆனால் ஒரே வகுப்பு. நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் பாடத்தில் எங்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும். அவள் அழுத்தினால் பொம்மை முனகும்.

பிறகு இருவருக்கும் திருமயம் பக்கம் ஒரே வீட்டில் வேலை கிடைத்தது. பகலில் அவள், இரவில் நான். பக்கவாதத்தில் படுத்த பெரியகருப்பன் ஐயா, அவர் மனைவி சிவகாமி ஆச்சி, வேறு யாரும் அந்தப் பெரிய வீட்டில் இல்லை. மகன் சந்திரசேகர் சிங்கப்பூரிலிருந்து கேமராவில் பார்த்துக்கொள்வார்.

அவர்தான் அந்தக் கருவியை அனுப்பினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட வில்லை. நெஞ்சில் வைத்து அதன் மேல் அழுத்த வேண்டும். போதிய ஆழம் இறங்கினால் பச்சை எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. பொற்கொடி அதைத் தலையணையில் வைத்து லேசாக அழுத்தினாள். உடனே பச்சை.

“என்னக்கா, தலகாணிக்கும் உசிரு இருக்குங்குது!” என்று சிரித்தாள்.

எவ்வளவு கீழே இறங்கியது என்பது மட்டும்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். அமுங்கியது நெஞ்சா, அதற்கு அடியில் இருப்பதா என்று தெரியாது. ஐயா படுத்திருந்ததோ, படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையில்.

ஒரு காலையில் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது, “அக்கா, ஐயாவுக்கு மூச்சு இல்ல” என்று பொற்கொடி கத்தினாள். தட்டிக் கூப்பிட்டேன். அசைவில்லை. 108-க்குப் போன் செய்தேன்.

“ஆச்சி, மெத்தையில வச்சு அழுத்துனா நெஞ்சு அமுங்காது, ஐயாவத் தரையில எறக்கணும். ஒரு கை பிடிங்க” என்றாள் பொற்கொடி.

ஆச்சி கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார். உயிர் பிரியும்போதுதான் எங்கள் பக்கம் ஆளைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவார்கள்.

“உசிரோட இருக்கவுகளக் கீழ எறக்குறதாவது!”

“பொழைக்க வைக்கத்தான் ஆச்சி” என்றேன்.

“ரெண்டு பேரும் முடிவே கட்டிட்டீகளா?”

ஆச்சியை ஒருத்தி பிடித்தால் ஐயாவைத் தூக்க இன்னொருத்தியால் ஆகாது. அடியில் பலகை செருகவும் அவர் விடவில்லை. காற்று இறங்கட்டும் என்று மெத்தையின் மோட்டார் ஒயரைப் பிடுங்கினேன். காற்று மெதுவாகத்தான் இறங்கியது. பொற்கொடி வில்லையை வைத்து அழுத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு அழுத்துக்கும் பச்சை. ஐயாவின் உடம்பு மொத்தமும் மெத்தைக்குள் போய்ப் போய் வந்தது.

“சூப்பர்ங்க, பச்சையாவே எரியுது. நிறுத்தாதீங்க” என்றார் சந்திரசேகர், கேமராவிலிருந்து.

“தம்பி, மெத்தைதான் எறங்குது! ஐயாவக் கீழ எறக்கணும்னு ஆச்சிகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க!” என்றேன்.

“பச்சை எரியுதுல்ல? பெறகு ஆத்தாள ஏன் அழ வைக்கிறீங்க?”

அவள் ஓய்ந்தபோது நான், நான் ஓய்ந்தபோது அவள். 108 ஆட்கள் வந்ததும் யாரையும் கேட்கவில்லை. இருவர் ஐயாவைப் பிடித்துத் தரையில் போட்டார்கள். முதுகு தரையில் பட்டதுமே ஆச்சி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். அவர்கள் முறையாக அழுத்தினார்கள். பலனில்லை. நேரம் கடந்திருந்தது.

சந்திரசேகர் விமானம் ஏறி வந்தார். கருவி பதிந்து வைத்ததைச் செல்போனில் உறவினர்களுக்கெல்லாம் காட்டினார். பொற்கொடிக்குப் பட்டுச்சேலை வைத்துக் கொடுத்து, “அப்பச்சிக்குச் செய்ய வேண்டியத அவ்வளவு சரியா செஞ்சிருக்கீங்க” என்றார்.

“மெத்தைக்குத்தாங்க செஞ்சேன்.”

“மெஷின் பொய் சொல்லாதுங்க.”

அடுத்து அவள் போனது புதுக்கோட்டையில் ஒரு வீடு. போன அன்றே, “மூச்சு நின்னா இவுகளத் தரையில எறக்க விடுவீகளா?” என்று கேட்டாள். “வந்ததும் வராததுமா என்ன வாயி இது!” என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். ஏஜென்சிக்காரர் அவளைக் கூப்பிடுவதையே நிறுத்தினார். பல மாதம் சும்மா இருந்தாள்.

இப்போது மறுபடி ஒரு வீட்டில் இருக்கிறாள். ஒரு பாட்டியம்மா, காற்று மெத்தை. போனில், “அந்தக் கேள்வியக் கேட்டியா?” என்றேன்.

“கேக்கலக்கா” என்றாள்.