பொன்மலையில் அப்பா அழுத நாள்

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சாக்ஸபோன் கேட்டு நின்றுவிட்டேன்.

அப்பா பத்திரிகையில் கச்சேரி விமர்சனம் எழுதியவர். ஒரு ஸ்வரம் பிசகினாலும் வித்வானை விடமாட்டார். ஆனால் அவருக்கு உயிர், பொன்மலை ரயில்வே பட்டறை ஆங்கிலோ இந்தியர்கள் வாசித்த ஜாஸ் இசைதான். ஞாயிறுதோறும் அதைக் கேட்க, அப்போது எட்டு வயதுப் பெண்ணான என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போவார்.

அங்கே சாக்ஸபோன் வாசித்த பட்டறை ஃபிட்டர் ஒருவர் ஆஸ்திரேலியாவில் குடியேறக் கிளம்பினார். கடைசியாக வாசித்த அன்று அவருக்கு மூச்சு தடுமாறி, ஸ்வரம் உடைந்தது. அப்பா அழுதார்.

"தப்பா வாசிச்சுட்டாராப்பா?"

"ஆமாம்மா."

"திட்டி எழுதுவீங்களா?"

 அதன்பிறகு அப்பா விமர்சனமே எழுதவில்லை.

"பொன்மலையில அப்படி என்னடி நடந்துச்சு?" என்று அம்மா பலமுறை கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்தில் வாசிப்பு நின்ற பிறகும் வாசலிலேயே நின்று யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.