சப்பாத்தோடு ஒரு பாட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஜெர்மனியில் அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டுப் பதிவு என்றால், எசன் நகரில் இருக்கிற அந்தத் தமிழனைக் கூப்பிடு என்பார்கள். ஒருதரம் கேட்டால் போதும், கிட்டாரில் அப்படியே இறக்கிவிடுவேன். வருடக்கணக்கில் மற்றவர்களின் ஸ்டூடியோக்களில் வாசித்தபின், போன வருடம் வீட்டு நிலவறையில் சொந்த ஸ்டூடியோ போட்டுத் தயாரிப்பாளரும் ஆனேன்.

முதலில் வந்தவர் பீலெஃபெல்ட் நகரத்து லொறிச் சாரதி, ஒரு ஜெர்மன்காரர். பெரிய தொப்பி, முழங்கால்வரை சப்பாத்து. ஒரு பாட்டு நன்றாக வந்தால் முழு இசைத்தொகுப்பும் எனக்குத்தான் என்றிருந்தார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சரஸ்வதி படம். வாத்தியம் இருக்கிற இடத்துக்குள் நானே செருப்போடு போனதில்லை. மனுசன் உடனே கழற்றினார். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

பாடினார். பாட்டுச் செத்துக் கிடந்தது. தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கிட்டாரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், இஞ்சித் தேத்தண்ணியும் கொடுத்துப் பார்த்தேன். மதியமாகிவிட்டது.

"உன்ரை இடம் எனக்குச் சரிவராது. நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்று வெளியே போய்ச் சப்பாத்தை மாட்டினார்.

முதல் வேலையே போனால் பிறகு யார் வருவார்?

முற்றத்தில் சிகரெட்டைப் பற்றவைத்தவர், தன்பாட்டில் அதே பாட்டை முணுமுணுத்தார். வலது சப்பாத்தின் குதி சீமெந்தில் டக், டக் என்று விழ, குரல் எழும்பியது பாருங்கள்! எனக்கா விளங்காது? அந்த மனுசனுடைய தாளம் குதியில் இருந்தது.

"சப்பாத்தோடயே உள்ள வாங்கோ!" என்று கத்தினேன்.

மனைவி படியில் மறித்தாள். "இஞ்சேருங்கோ, சரஸ்வதிக்கு முன்னால சப்பாத்தோ? விசரே உங்களுக்கு?"

"அப்ப அவவைக் கொஞ்ச நேரம் மேல கூட்டிக்கொண்டு போமன்."

"ஏன், அவ பாட்டுக் கேக்கக் கூடாதோ? அவ இருக்கட்டும். நீங்கள் சப்பாத்தைத் துடையுங்கோ" என்று ஈரத்துணியைக் கையில் திணித்தாள்.

சாரதி காலைத் தூக்கிக் காட்டினார். நான் அடியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தேன். "என்ரை மனிசிகூட இப்பிடிச் செய்ததில்லை" என்று சிரித்தார்.

பழைய மரக்கதவொன்றை அவர் காலடியில் போட்டு, பக்கத்தில் ஒரு மைக்கையும் வைத்தேன். படித்த தயாரிப்பாளர் எவனுக்கு இது தோன்றியிருக்கும்? அவர் மிதித்தார், நான் வாசித்தேன், பாட்டு ஒரே மூச்சில் முடிந்தது. ட்ரம்ஸே சேர்க்கவில்லை.

"மிச்சப் பாட்டுகளுக்கு எப்ப வாறது?" என்று கேட்டார் சாரதி.

நான் வாய் திறக்கமுன் மனைவி முந்திக்கொண்டாள்: "மழையில்லாத நாளாப் பாத்து வரச்சொல்லுங்கோ!"