வால்வை அடைத்த அன்று

ஆபத்து என்று தெரிந்தும் அந்த வால்வை நான் ஏன் அடைத்தேன்?

எங்கள் ஊரான இறுப்பிட்டியில் நல்ல தண்ணீர் அருமை. மைத்துனர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் தாங்கி எங்கள் கூரையில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் திறக்கும் அதன் வால்வு உச்சி வெயிலில் சொட்டும்.

"படிச்ச பிள்ளை, தண்ணி வீணாப் போறது தெரியேல்லையே? அதை அடையும்," என்றார் மாமி, என் கணவரின் தாய்.

"அடைக்கக் கூடாது மாமி."

"அப்ப நீரே போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வாரும்."

தக்கை வைத்து இறுக்கினேன். மறுநாள் மத்தியானம் குழாய் வெடித்துக் கொதிநீர் முற்றத்தில் கொட்டியது. அங்கே குளிப்பாட்டிய என் குழந்தையை அப்போதுதான் உள்ளே தூக்கிப் போயிருந்தேன்; அதனால் தப்பியது.

"தாய்க்குக் கவனம் காணாது," என்று மாமி அயலெல்லாம் என்னைக் குறை சொன்னார்.

இப்போது கிழமைதோறும் வால்வைத் திறந்து, படிந்த சுண்ணாம்பைக் கழுவுகிறேன். சொட்டும் தண்ணீருக்கு மாமியிடம் பேச்சும் வாங்குகிறேன். பெரியவர்களிடம் மறுத்து "ஏலாது" என்று சொல்லப் பழகிய சகோதரிகளே, எப்படிப் பழகினீர்கள் என்று எழுதுங்கள்.