ஸ்கேனர் பெட்டியில் இருந்த கடிதம்

கடிதம் ஸ்கேனர் பெட்டிக்குள், நுரைப்பஞ்சுக்கு அடியில், நான்காக மடித்துக் கிடந்தது. வேலை வரும்போதெல்லாம் அவள் பெட்டியைத் திறப்பாள். திறக்கும்போதெல்லாம் விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ‘குறையைத் தவறாகக் கண்டறிந்து நிறுவனத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்று ஒரே வரி. கீழே மேலாளரின் வால் நீண்ட கையெழுத்து.

வண்டி மின்சாரத்தில் டிப்ளமோ முடித்தவள். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். அந்தப் பெரிய சர்வீஸ் நிலையத்தில் வேலை கிடைத்தபோது, வேலை உத்தரவை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வேலை போன அன்று ஒரு வார்த்தை கேட்காமல் அவரே அதைக் கழற்றிப் பீரோவின் மேல் கவிழ்த்து வைத்தார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. இரண்டு வருடமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் கண்ணில் படுவது அந்த ஆணிதான்.

இப்போது அண்ணன் வீட்டு முன்பக்கக் கொட்டகையில் சொந்தமாக வேலை செய்கிறாள். தெருவில் அவளுக்கு ‘ஸ்கேனர்’ என்றே பெயராகிவிட்டது. போன் எடுப்பது, வாடிக்கையாளரை உட்கார வைப்பது எல்லாம் அண்ணியின் பொறுப்பு.

அன்று காலை அண்ணி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். “பல்லு டாக்டரம்மா வந்திருக்காங்க. பெரிய வண்டி. முன்னாடி பம்பர் நசுங்கிக் கிடக்கு. முகத்தைப் பார்த்தா நமக்கே பல்லு வலிக்குது.”

வெளியே நின்ற வெள்ளை எஸ்.யு.வி.யை அவள் எண் பலகையைப் பார்க்காமலே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் வேலைக்கு உலை வைத்த வண்டி. இந்த டாக்டர்தான் அன்று அத்தனை பேர் முன்னால், “படிச்சவளா நீ, ஒரு லைட்டை அணைக்கத் தெரியல” என்று கத்தியவர்.

டாக்டருக்கு அவளை ஞாபகமில்லை. ஒரு துணிப்பையைப் பெஞ்சில் கொட்டினார். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் ஐந்து உருண்டன. “எங்க போனாலும் இதைத்தான் மாத்துறாங்கமா. நான் பிடுங்கின பல்லு கூட இவ்வளவு வீணாப் போனதில்ல. போன வாரம் மழையில இறக்கத்துல பிரேக் அடிச்சேன். சக்கரம் நின்னுடுச்சு, வண்டி நிக்கல. வழுக்கிட்டே போய் என் கிளினிக் கேட்டுல மோதுச்சு. யாராவது நடுவுல நின்னிருந்தா?”

“எந்த லைட் எரியுது டாக்டர்?”

“ஏ.பி.எஸ்.ஸும், அந்தச் சறுக்குற கார் படமும். ரெண்டும் ரெண்டு வருஷமா எரியுது.”

அவளுக்குள்ளும் ஒன்று ரெண்டு வருடமாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தாள், கடிதத்தைத் தொட்டாள், ஸ்கேனரை மாட்டினாள்.

இடது முன் சக்கரத்தின் வேகம் வரவில்லை என்றது திரை. அன்றும் அதையேதான் சொன்னது. நாலு சக்கரமும் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதும், சறுக்கும் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் நடக்கும். ஒன்று ஊமையானால் இரண்டு வேலையும் நின்று, இரண்டு விளக்கும் எரியும். சென்சாரை உருவி, அதன் முன்னால் ஒரு சிறு காந்தத்தை ஆட்டினாள். திரையில் வேகம் துள்ளியது. சென்சார் நல்லது. வயர் நல்லது. பிறகு காகிதம் செருகும் இரும்புக் கிளிப் ஒன்றை நூலில் கட்டி, சென்சார் இருந்த துளைக்குள் இறக்கினாள். அந்தத் துளைக்கு நேர் எதிரே, சென்சார் படிப்பதற்கென்று, சக்கரம் சுற்றும் பேரிங்கின் ஒரு பக்கத்தில் உள்ள காந்த விளிம்பு இருக்க வேண்டும். கிளிப் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அது தூக்குச்சட்டி மாதிரி சும்மா தொங்கி ஆடியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. பேரிங் தலைகீழாக ஏறியிருக்கிறது. காந்தப் பக்கம் வெளியே போயிருக்கிறது.

அன்றே பாதி சொன்னாள். “சென்சார்ல ஒண்ணும் இல்ல சார், சக்கரத்தைத் திறந்து பார்க்கணும்” என்றாள். இரைச்சல் வருகிறதென்று முந்தின நாள்தான் அந்தப் பேரிங்கை மாற்றியிருந்தார்கள். பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ்காரர் விடுப்பு என்பதால் மேலாளரே இறங்கி அழுத்தினார். அந்தப் பட்டறையில் வேலை முடித்தவர் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். மேலாளருக்குச் சிவப்பு. “நான் போட்ட பேரிங்கை நீ கழட்டிப் பார்ப்பியா? ஏ.பி.எஸ் யூனிட்டை மாத்து” என்றார். மாற்றினார்கள். விளக்கு அணையவில்லை. பழி அவள் தலையில் விழுந்தது.

குனிந்து டார்ச் அடித்தாள். அழுக்குக்கு அடியில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

“டாக்டர், அப்போ இந்தப் பேரிங்கைப் போட்ட சர்வீஸ் மேனேஜர் முன்னாடிதான் இதைக் கழட்டுவேன். அவரைக் கூப்பிடுங்க” என்றாள்.

“எதுக்குமா வம்பு?”

“கேட்டுல மோதினதுக்குப் பதில் யார் சொல்றது?”

டாக்டர் போனை எடுத்தார். அண்ணி அவள் காதருகே வந்து, “மூஞ்சியில என்னடி இப்படி ஒரு வெளிச்சம், என் கல்யாணத்தன்னைக்கு எனக்குக் கூட இல்லையே” என்றாள்.

மதியத்துக்குள் மேலாளர் வந்தார். தலை நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் நடை ஒரு நொடி தடுமாறியது. “ஓ, நீயா” என்றார்.

“நான்தான் சார். உக்காருங்க. உயரம் குறைஞ்ச ஸ்டூல்தான் இருக்கு.”

அண்ணி சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் நிதானமாகக் கழற்றினாள். இரண்டு வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி. ஒரு துளியும் சிந்தக் கூடாது. பொட்டின் மேல் டார்ச்சைப் பிடித்து, “இது யார் நிறம் சார்?” என்று கேட்டாள்.

“என்னுதுதான்” என்றார்.

சக்கரம் பூட்டும் ஹப்பைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்ததும் பேரிங்கின் வெளிமுகம் தெரிந்தது. நூலில் கட்டிய கிளிப்பை அவரிடமே கொடுத்தாள். “நீங்களே காட்டுங்க.”

அவர் கை நீட்டியதும் கிளிப் தாவிப்போய் ஒட்டியது. டாக்டர் கிளிப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ சென்சார் எல்லாம்?”

“எல்லாம் நல்லதுதான் டாக்டர். காது நல்லாத்தான் இருக்கு. பேச வேண்டியது முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கு” என்றாள் அவள்.

டாக்டர் மேலாளர் பக்கம் திரும்பினார். அடுத்த பத்து நிமிடம் அந்தக் கொட்டகையில் வேறு சத்தம் இல்லை. அன்று அவள் மேல் விழுந்த அதே குரல், இன்று சரியான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இன்னும் நாலு பேர் நிற்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

டாக்டர் ஓய்ந்ததும் அவள் சொன்னாள். “புதுப் பேரிங்கையும் நீங்களே போடுங்க சார்.”

அவர் மறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்தார். பேரிங்கை எடுத்து, யோசிக்காமல், எண் பொறித்த பக்கத்தை வெளியே திருப்பினார். பழைய காலத்து, காந்தமில்லாத பேரிங்குகளுக்கு எந்தப் பக்கம் என்ற கணக்கே கிடையாது. பின்னால் வருகிறவன் படிக்கட்டும் என்று எண்ணை வெளியே வைப்பதுதான் அந்தப் பட்டறையின் வழக்கம். கை அதைச் செய்துவிட்டது. பிறகு நின்று, தலையைத் திருப்பாமலே கேட்டார். “நம்பர் எந்தப் பக்கம்?”

அவள் நிமிர்ந்தாள்.

இதே குரல், இதே கேள்வி. அவர் அந்தப் பேரிங்கை அழுத்திய அன்று அவள் வேறொரு வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். பிரஸ் பக்கத்திலிருந்து அவர் கத்திக் கேட்டார். வாயிலிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு அவள்தான் கத்தினாள்: “எப்பவும் போல வெளியதான் சார்.” எழுந்து வந்து பார்க்கவில்லை. காந்தம் என்று ஒன்று அந்தப் பேரிங்கில், எண் பொறித்த அதே பக்கத்தில், இருப்பது அந்தப் பட்டறையில் படித்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது? கோபம் அவ்வளவு இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்ததா, இல்லை அவளே அதற்கு அடியில் தள்ளி வைத்தாளா? அவளுக்கே தெரியவில்லை.

“கிளிப்ப வச்சுப் பாருங்க சார்” என்றாள்.

கிளிப் ஒட்டிய பக்கம் உள்ளே போனது. சக்கரம் மாட்டி, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு விளக்கும் அணைந்தன.

“அப்போ உங்களுக்கு யாரும் சொல்லலையா, எந்தப் பக்கம்னு?” என்று டாக்டர் மேலாளரிடம் கேட்டார்.

அவள் துணியில் கை துடைப்பதை நிறுத்தினாள்.

“யாரும் சொல்லல டாக்டர். பழக்கதோஷம்” என்றார் அவர். அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை.

ஒரு வரி சொன்னால் போதும். அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கையில் வந்த வெற்றி பாதியாகிவிடும். அவளுக்கு முழுசாக வேண்டியிருந்தது.

டாக்டர் கிளம்பினார். அவள் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பு பிரித்து மேலாளர் முன் வைத்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், பேனா.

அவர் பழைய கடிதத்தைப் படித்தார். பிறகு எழுதினார். ‘இவர் குறையைச் சரியாகவே கண்டறிந்தார். தவறு முழுவதும் என்னுடையது.’ வால் நீண்ட கையெழுத்து.

“போதுமா?”

அவள் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். “அந்த ‘முழுவதும்’ வேண்டாம் சார். அடிச்சுடுங்க.”

“ஏன்?”

“அடிங்க சார்.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாக இன்னொரு கையெழுத்து வைத்துவிட்டு எழுந்தார். அவள் வாசல் வரை போகவில்லை.

அண்ணி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “ரெண்டு வருஷம் கறுவிட்டுக் கடைசியில இரக்கப்பட்டுட்டியா?”

“இரக்கமெல்லாம் இல்ல அண்ணி.”

“மாமா இதைச் சட்டம் போட்டு மாட்டுனா, அடிச்ச கோடு அசிங்கமாத் தெரியுமே.”

“தெரியட்டும்” என்றாள். கிளிப்பை நூலோடு சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.